கால் வைக்கிற இடத்து மெழுகு

திண்டுக்கல் ரோட்டில் விளாங்குடி தாண்டினால் என் பட்டறை. வெயிலில் வெளுத்துப்போன கார்களைத் தேய்த்துப் பளபளப்பாக்கித் தருவது தொழில். இருபது வருடமாக இதே வேலை. நேற்று வாங்கிய வண்டியைப் பறவை எச்சத்தோடு ஒரு மாதம் நிறுத்தி வைத்துவிட்டு, கறை போகவில்லையே என்று நம்மிடம் மூக்கால் அழுபவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது.

என் நண்பன் ஒருவன் ஊருக்கு மேற்கே ஒரு கண்மாயில் படகு விட்டுக்கொண்டிருந்தான். ஆறு பேர் உட்காரும் ஒரே ஒரு ஃபைபர் படகு. தண்ணீர் கிடக்கிற மாதங்களில் ஞாயிற்றுக்கிழமையானால் காளவாசல் பக்கமிருந்து பிள்ளைகுட்டிகளோடு வருவார்கள். அந்த ஆவணியில் கண்மாய் வறண்டு, படகு கரையில் கவிழ்ந்து கிடந்தது. நீலமெல்லாம் போய், கையை வைத்தால் சுண்ணாம்பு மாதிரி வெள்ளையாக ஒட்டியது.

"மாப்ள, மழைக்குத் தண்ணி வந்துரும். அதுக்குள்ள இத ஒன் காரு மாதிரி ஆக்கிக் குடுத்துரு" என்றான்.

அதுவரை நான் படகைத் தொட்டதே இல்லை. ஆனால் தெரியாது என்று சொல்ல வாய் வருமா? பம்பர் தேய்க்கிறவனுக்குப் படகு ஒரு பெரிய பம்பர், அவ்வளவுதான் என்றேன்.

மூன்று நாள் ஆயிற்று. சோப்புத் தண்ணீரில் கழுவி, நிழலில் வைத்து, ஈர எமரித் தாளால் இழைத்து, பாலிஷ் காம்பவுண்ட் தடவி மிஷினை ஓட்டினேன். வெயில் மறுபடி நிறத்தைத் தின்னாமலிருக்க மேலே மெழுகு. பக்கச் சுவரில் என் முகம் தெரிந்தது. அதோடு நிறுத்தியிருக்க வேண்டும். படகின் முகப்பில், ஏறும்போது கால் வைக்கிற இடத்தில், சின்னச் சின்னப் புள்ளிகளாகச் சொரசொரப்பு இருந்தது. எங்கள் தொழிலில் சொரசொரப்பு என்றால் குறை. விரலில் தட்டுப்பட்டால் இழைத்துவிட்டுத்தான் மறுவேலை. அதையும் இழைத்துச் சமமாக்கி இரண்டு தடவை மெழுகு போட்டேன். கால் வழுக்காமலிருக்க, படகைச் செய்யும்போதே அதை வைத்து வார்க்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. காரின் மேல் யாரும் ஏறி நிற்பதில்லை.

ஐப்பசியில் கண்மாய் நிறைந்தது. முகப்புக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, எலுமிச்சம்பழம் நசுக்கி நண்பன் படகை இறக்கினான். எட்டாம் நாள் விழுந்தான்.

நான் அங்கே இல்லை. ஈரக்காலோடு முகப்பில் ஏறியவன் வழுக்கி, படித்துறைக் கல்லில் பின்மண்டை மோத விழுந்தான் என்றார்கள். ஆஸ்பத்திரியில் மூன்று நாள் கண் திறக்கவில்லை. அப்படியே போய்விட்டான். துட்டி வீட்டில் ஆளாளுக்கு விதி, விதி என்றார்கள். எனக்கு எரிச்சலாக வந்தது. எழுந்து கண்மாய்க்குப் போய் அந்த முகப்பைத் தொட்டுப் பார்த்தேன். விரல் நிற்கவில்லை. என்ன செய்து வைத்திருக்கிறேன் என்பது அங்கேதான் புரிந்தது. திரும்பி வந்து, விதி என்றவர்களோடு தலையாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன்.

பட்டறையில் பாலிஷ் முடித்த பானட்டை ஈரத்துணியால் இழுத்தால் கீச்சென்று ஒரு சத்தம் வரும். இருபது வருடமாகக் கேட்ட சத்தம். அதன் பிறகு அது அவன் கால் வழுக்குவதாகவே கேட்டது. காரின் பக்கக் கதவில் எனக்குப் பின்னால் யாரோ நிற்பது தெரியும். திரும்பினால் வெறும் ரோடு. பயந்தேன், உண்மையாகவே பயந்தேன். குளியலறையில் தண்ணீர் ஊற்றிக்கொள்ளும் முன் தரையைக் காலால் அழுத்தி அழுத்திப் பார்ப்பேன். "தெனமும் அங்க என்னத்தத் தேடுறீக?" என்று மனைவி கேட்டாள். அவளிடமும் எரிந்து விழுந்தேன்.

இரண்டு வருடம் படகு தார்ப்பாய்க்குள் கிடந்தது. இந்த ஐப்பசியில் அவன் மனைவி அதை ஒரு குட்டியானை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து பட்டறை வாசலில் இறங்கினாள்.

"தண்ணி ஏறிருச்சுண்ணே. இனி நான்தான் விடப் போறேன். படகு மங்கலா இருந்தா பிள்ளைகளோட வர்றவுக ஏற யோசிக்கிறாக. பக்கமெல்லாம் முன்ன மாதிரியே பண்ணிக் குடுங்க."

பக்கங்களை முன்பு போலவே செய்தேன். முகப்பில் இருந்த மெழுகைத் தின்னர் போட்டுத் துடைத்தெடுத்து, ரெசின் பூசி, அது காயும் முன்னால் சலித்த மணலைத் தூவினேன். அந்த இடம் மட்டும் பார்க்க அசிங்கமாக இருந்தது.

படகை எடுக்க வந்தவள் பக்கங்களைப் பார்க்கவே இல்லை. நேராக முகப்புக்குப் போய் மணல்மேல் உள்ளங்கையை வைத்தாள். கையை எடுக்கவுமில்லை. என்னால் அதற்குமேல் தாங்க முடியவில்லை.

"அன்னைக்கு அத வழவழன்னு ஆக்குனது நான்தாம்மா. கால் வைக்கிற எடம்னு வெளங்கல. அவன் விழுந்தது என்னாலதான்."

அழுவாள், ஏசுவாள் என்று எதிர்பார்த்தேன். ஏசினால் தேவலை என்றுகூட இருந்தது.

"தெரியும்ணே" என்றாள். "படக எறக்குன அன்னைக்கே அவுக வழுக்குதுன்னு வந்து சொன்னாக. அண்ணேகிட்டச் சொல்லுங்க, ஒடனே சரி பண்ணிருவாகன்னேன். 'அவன்கிட்ட எவன் சொல்றது, சாமியாடிருவான். சாக்க விரிச்சுக்கிருவோம், விடு'ன்னாக. அன்னைக்கு ஒருநா விரிக்க மறந்துட்டாக."

அவள் குரலில் கோபமே இல்லை. நடந்ததைச் சொன்னாள், அவ்வளவுதான். வண்டிக்காரரைக் கூப்பிடப் போனாள்.

நான் படகைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவன் வந்து சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பேன் என்று எனக்குத் தெரியும். என் வேலையில் குறை சொல்ல வந்துட்டியா என்று ரோட்டுக்குக் கேட்கிற மாதிரி கத்தியிருப்பேன்.