குசினிக் கதவுகளுக்கு மரப்பூச்சு

கனடாவிலிருந்து வந்த ஒருவருடைய பயணப் பெட்டியில், உடுப்புகளுக்கு நடுவே, பொலித்தீனில் சுற்றிச் சுற்றிக் கட்டப்பட்டு மூன்று பேணிப் பெயின்ட் எங்கள் வெள்ளவத்தை ஃபிளாட்டுக்கு வந்து சேர்ந்தது. அனுப்பியவர் என் மச்சாள், அதாவது என் கணவரின் அக்கா. கொழும்பில் பெயின்ட் விற்பதே இல்லை என்று அவர் நினைத்திருக்க வேண்டும். எங்கள் ஒழுங்கை போய்க் காலி வீதி என்ற பெருந்தெருவில் ஏறும் இடத்தில் நின்றாலே இரண்டு ஹார்ட்வெயார் கடை கண்ணில் படும். ஆனால் இது விசேஷமான சாமானாம். எதன்மேல் பூசினாலும் அது மரம் போலவே தெரியுமாம்.

ஃபிளாட் மச்சாளுடையது. வாங்கிய காலத்தில், பூட்டி வைத்தால் கடற்காற்றுக்கு எல்லாம் பழுதாகிவிடும் என்று எங்களைக் கொண்டுவந்து இருத்தினார். "உங்கட வீடு மாதிரிப் பாவியுங்கோ" என்றார். வாடகை கிடையாது. அதனால் எங்களுக்கு வாயும் கிடையாது. சுவரில் ஓர் ஆணி அடிப்பதென்றாலும் முதலில் படம் எடுத்து அவருக்கு அனுப்ப வேண்டும். யன்னல் சீலையின் நிறத்தைக்கூட அவர்தான் தெரிவு செய்தார். பத்துப் பன்னிரண்டு வருடம் இப்படியே போய்விட்டது.

இப்போது விற்க முடிவெடுத்துவிட்டார். அவருடைய பொருள், அவருடைய விருப்பம். அதை நான் ஒருநாளும் மறுத்துக் கதைத்ததில்லை. ஆனால் நாங்கள் எங்கே போவோம் என்று அவர் கேட்கவில்லை. நாங்களும் சொல்லவில்லை, ஏனென்றால் எங்களுக்கே தெரியாது. என் கணவர் ஒரு தனியார் கம்பெனியில் கணக்கு எழுதுகிறார். நான் வீட்டு ஹோலில் வைத்துப் பிள்ளைகளுக்கு ட்யூஷன் கொடுக்கிறேன், எல்லாம் பக்கத்து ஒழுங்கைப் பிள்ளைகள். இந்தப் பகுதியில் வாடகை கொடுத்து இருக்கும் வசதி எங்களுக்கு இல்லை. வேறு இடத்துக்குப் போனால் ஃபிளாட்டோடு என் பிழைப்பும் போய்விடும்.

வீட்டு புரோக்கர் வந்து பார்த்து, குசினிதான் குறை என்று மச்சாளுக்குச் சொல்லியிருக்கிறார். அலுமாரிக் கதவுகள் எல்லாம் வெள்ளை நிற மெலமைன் பலகை. மஞ்சள் பாரித்து, சிங்க்குக்குக் கீழே தண்ணீர் ஊறி வீங்கியும் இருந்தன. அன்று பின்னேரமே மச்சாள் வீடியோவில் வந்துவிட்டார். அவருக்கு விடிகிற நேரம் எனக்கு ட்யூஷன் நேரம்.

"பாக்க வாறவை முதல்ல குசினியைத்தான் பாப்பினம். நீர் வீட்டிலதானே இருக்கிறீர். இதை அடிச்சு விடும். லேசான வேலை."

வீட்டில்தானே இருக்கிறேனாம். எனக்கு முன்னால் ஐந்து பிள்ளைகள் பின்னக்கணக்கோடு உட்கார்ந்திருந்தார்கள். நான் "ஓம் மச்சாள்" என்றேன். எங்களைப் போக வைப்பதற்கான வேலையை எங்கள் கையாலேயே செய்விக்கிறார் என்று போனை வைத்த பிறகுதான் உறைத்தது. இரவு சாப்பாட்டின்போது கணவரிடம் அதைச் சொன்னேன். "அக்கா அப்பிடி யோசிச்சுச் சொல்லியிருக்கமாட்டா" என்றார். யோசிக்காமல் சொன்னதுதான் எனக்குக் கோபம் என்பது அவருக்கு விளங்கவில்லை.

செய்முறை வீடியோ ஒன்றையும் மச்சாள் அனுப்பியிருந்தார். அதில் ஒரு வெள்ளைக்காரப் பெண், நகத்தில் ஒரு பொட்டு அழுக்குப் படாமல், பாட்டுக் கேட்டுக்கொண்டே ஒரு முழுக் குசினியையும் மரமாக்கிவிடுகிறாள். அவளுடைய குசினியில் யாரும் ஒருநாளும் மிளகாய் பொரித்ததில்லை என்பது பார்த்த உடனேயே தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை கணவர் கதவுகளைக் கழற்றித் தந்தார். கழற்றியதும் முதுகு பிடித்துக்கொண்டது என்று போய்ப் படுத்துவிட்டார். ஹோல் முழுக்கப் பேப்பர் விரித்து, பிளாஸ்டிக் கதிரைகளைக் கவிழ்த்து, அவற்றின்மேல் கதவுகளைக் கிடத்தினேன். ட்யூஷன் பிள்ளைகள் அறைக்குள் கட்டிலில் இருந்து படித்தார்கள். கதவில்லாத அலுமாரிகளில் சாமான் எல்லாம் அம்மணமாகத் தெரிந்தன. இத்தனை வெறும் போத்தல்களை நான் எதற்குச் சேர்த்து வைத்திருக்கிறேன் என்று எனக்கே வெட்கமாக இருந்தது.

அடிப்பூச்சைப் பூசினால் அது பிடிக்கவில்லை. அடுப்புக்கு மேலிருந்த கதவுகளில் பெயின்ட் துளித் துளியாகத் திரண்டு நின்றது. வருடக்கணக்கான எண்ணெய்ப் பிசுக்கு. வாஷிங் பவுடர் போட்டுத் தேய்த்தேன், தேசிக்காய் பிழிந்து தேய்த்தேன், பிறகு சேண்ட் பேப்பர் வாங்கிவந்து தோள் கழன்று விழுமளவுக்குத் தேய்த்தேன். அன்று பின்னேரம் மச்சாள் கமராவைக் கிட்டக் கொண்டுவரச் சொல்லிப் பார்த்தார்.

"இவ்வளவு எண்ணெயோ? பொரியலைக் கொஞ்சம் குறைச்சிருக்கலாம்."

இரண்டு வருடத்துக்கு முன் லீவில் வந்து எங்களோடு நின்றபோது நாளுக்கொரு பொரியல் கேட்டவர் அவர்தான். கத்தரிக்காயும் வாழைக்காயும் பாகற்காயும் பொரித்துப் பொரித்து நான் களைத்துப்போனேன். அதைச் சொல்ல நாக்கு நுனி வரை வந்தது. கணவர் பக்கத்தில் நின்று கண்ணைக் காட்டினார். விழுங்கிக்கொண்டேன்.

எண்ணெய் போன பிறகு ஈரம். இரண்டு மணித்தியாலத்தில் காய்ந்துவிடும் என்று பேணியில் எழுதியிருந்தது. எழுதியவர்கள் வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் ஓர் இரவு தங்கிப் பார்த்திருக்க வேண்டும். மறுநாள் காலையிலும் விரல் வைத்தால் ஒட்டியது. போதாக்குறைக்கு மழை வேறு. யன்னலைத் திறந்தால் ரயில் பாதைப் பக்கத்துத் தூசு, பூட்டினால் மூச்சு முட்டும் பெயின்ட் மணம். இரவில் பறந்துவந்து ஒட்டிய நுளம்புகளை ஊசியால் எடுத்தேன். எடுத்த இடம் குழியாகியது, குழியில் திரும்பப் பூசினேன். அது காய இன்னொரு நாள் போனது. மச்சாள் தினமும் "இன்னும் முடியேல்லையோ?" என்று கேட்டார்.

மர வரி போடும் கட்டம்தான் என்னை அழவைத்தது. கடும் மண்ணிற ஜெல்லைப் பூசி, அது ஈரமாக இருக்கும்போதே பேணிகளோடு வந்த றப்பர்ச் சீப்பால் இழுக்க வேண்டும். இழுத்த தடம்தான் மரத்தின் வரியாம். முதல் கதவை முடித்துவிட்டுக் கணவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். தலையைச் சரித்துப் பார்த்தார்.

"புலி மாதிரி இருக்கு" என்றார்.

அவர் நல்ல மனதோடுதான் சொன்னார். நான் அன்று அவருக்குத் தேத்தண்ணீர் போட்டுக் கொடுக்கவில்லை.

அடுத்த கதவைப் பூசி இழுத்தேன், துடைத்துவிட்டுத் திரும்ப இழுத்தேன். அதையும் துடைத்தேன். எங்களிடம் உண்மையான மரமென்று இருப்பது ஒரு சின்ன மேசைதான், என் கல்யாணத்துக்குக் கொட்டாஞ்சேனையிலிருந்து என்னோடு வந்தது. அதன் பலகையைக் குனிந்து பார்த்தேன். வரிகள் ஒரே சீராக ஓடவில்லை. சில இடத்தில் நெருங்கி, சில இடத்தில் விலகி, ஒரு மரக்கண்ணைச் சுற்றி வளைந்து போயின. அதைப் பார்த்துப் பார்த்து, சீப்பை விட்டுவிட்டுப் பழைய காய்ந்த பிரஷ்ஷால், இடையில் நிறுத்தாமல், போன தடத்தில் திரும்பப் போகாமல் இழுத்தேன். ஐந்தாவது கதவோ ஆறாவது கதவோ, இழுத்து முடித்துத் தள்ளி நின்று பார்த்தபோது அது மரமாக இருந்தது. எனக்கு அந்த வேலை பிடித்துப்போய்விட்டது. யாருக்காகச் செய்கிறேன், எதற்காகச் செய்கிறேன் என்பதை மறந்து, மிச்சக் கதவுகளை ஆசையோடு செய்தேன். புலிக் கதவையும் திருத்தினேன். அதற்குமேல் வார்னிஷ் பூசி, கணவரைக்கொண்டு கதவுகளைத் திரும்ப அலுமாரிகளில் பூட்டுவித்தேன். இத்தனை வருடத்தில் அந்தக் குசினியில் என் விருப்பத்துக்கு அமைந்த ஒரே பொருள் அதுதான்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. வீடு கழுவி, முழுகி, விளக்கேற்றிவிட்டு, சந்தனத்தைக் குழைத்து ஒவ்வொரு கதவுக்கும் ஒரு பொட்டு வைத்து, அதன் நடுவில் குங்குமமும் வைத்தேன். ஃபிரிட்ஜ் வாங்கியபோது வைத்தோம், காஸ் அடுப்புக்கு வைத்தோம், கணவரின் மோட்டார் சைக்கிளுக்கும் வைத்தோம். வீட்டுக்குப் புதிதாக ஒன்று வந்தால் கை தானாகப் போகும். நான் யோசித்துச் செய்யவில்லை.

மச்சாள் வீடியோவில் அதைத்தான் முதலில் கண்டார்.

"இதென்ன பொட்டு? வாறவை எந்தச் சமயமோ தெரியாது. விக்கிற வீட்டுக்கு ஆரும் பொட்டு வைப்பினமே? துடைச்சு விடும்."

அவர் சொன்னதில் பிழை ஒன்றும் இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. ஈரச்சீலையால் துடைத்தேன். சந்தனம் போனது, குங்குமம் போகவில்லை. வார்னிஷ் உள்ளுக்குள் இன்னும் காயாமல் இருந்திருக்கிறது. சிவப்பு அதற்குள் இறங்கி ஊறிவிட்டது. துடைக்கத் துடைக்க ஒவ்வொரு கதவிலும் அது இளஞ்சிவப்பாகப் பரந்தது. ஆத்திரத்தில் தின்னரை எடுத்துத் தேய்த்தேன். வார்னிஷ், வரி, அடிப்பூச்சு எல்லாம் சீலையோடு வந்து, பழைய வெள்ளை மெலமைன் என்னைப் பார்த்து இளித்தது. சீலையைச் சிங்க்கில் எறிந்துவிட்டு நிலத்தில் குந்தி அழுதேன். மச்சாளோடு இருந்த கோபம் பாதி, மற்றப் பாதி என்னோடு. போகச் சொல்லிவிட்ட வீட்டுக்குப் பொட்டு வைத்தவள் நான்தானே.

கணவர் வந்து பக்கத்தில் இருந்தார். "விடும். அப்பிடியே கிடக்கட்டும். நான் அக்காவுக்குச் சொல்லுறன்" என்றார். அவர் சொல்லமாட்டார் என்று எனக்குத் தெரியும். பேணிகளின் அடியில் மிச்சம் இருந்ததை வழித்தெடுத்து, பொட்டு வைத்த இடங்களை மட்டும் ஒட்டுப்போடுவது போலப் பூசி, பக்கத்து வரிகளோடு சேர்த்து இழுத்துவிட்டேன். தெரிந்து பார்த்தால்தான் தெரியும். தெரிந்து பார்க்க என்னைத் தவிர ஆள் இல்லை.

அடுத்த கிழமை புரோக்கர் ஒரு குடும்பத்தைக் கூட்டிவந்தார். கல்கிசையில் இருக்கும் தமிழ் ஆட்கள், கணவனும் மனைவியும். அந்த அம்மா குசினிக்குள் வந்து, சிங்க்குக்கு மேலிருந்த கதவை விரலை மடக்கி அதன் மொழியால் ஒருதரம் தட்டினார்.

"பலகை இல்லை. மேல பூசியிருக்கினம்" என்று கணவனிடம் சொன்னார். "காத்து நல்லா வருது, கோயிலும் கிட்ட. எடுப்பம். இதெல்லாத்தையும் கழட்டி எறிஞ்சுபோட்டுப் புதுசா அடிக்கலாம்."

நான் அடுப்புப் பக்கத்தில் நின்றேன். குடிக்க ஏதாவது கொண்டுவரட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றார்கள். கதவைத் திறந்து பார்க்கக்கூட அந்த அம்மாவுக்கு மனமில்லை.

அட்வான்ஸ் கைமாறிய பிறகு மச்சாள் வீடியோவில் எடுத்தார். அப்படியொரு சந்தோஷத்தை அவர் முகத்தில் நான் நெடுநாள் பார்த்ததில்லை.

"எல்லாம் உம்மட வேலைதான். நீர் அந்தக் கதவை அடிச்சபடியாத்தான் டக்கெண்டு போச்சு."

அவருக்கு உண்மையைச் சொல்லி என்ன ஆகப்போகிறது. ஆனால் வாய் வேறொன்றைக் கேட்டுவிட்டது.

"மச்சாள், அவை கதவுகளைக் கழட்டி எறியப் போகினமாம். எறியிறதெண்டா நான் எடுக்கட்டோ?"

"அதையோ?" என்று சிரித்தார். "அதை எடுத்துக்கொண்டுபோய் எங்க பூட்டப் போறீர்?"

விற்பனைக் கதை தொடங்கிய நாளிலிருந்து, நாங்கள் எங்கே போவோம் என்பதற்குக் கிட்டவாக அவர் கேட்ட ஒரே கேள்வி அதுதான்.

"தெரியாது மச்சாள்" என்றேன். "இன்னும் ஒரு இடமும் கிடைக்கேல்லை."