பன்னிரண்டு கம்பியில் ஆறு

அந்தக் கிடாரை விற்றுவிடலாம் என்று முதலில் சொன்னவர் என் கணவர். விற்ற பிறகு அதைப் பற்றிப் பேச்சே எடுக்கக் கூடாது என்றதும் அவர்தான்.

சித்தூரில் எங்கள் கிறிஸ்தவ சபைப் பாடகர் குழுவுக்குக் கல்யாணத்துக்கு முன்பிருந்தே நான் கிடார் வாசித்து வந்தேன். பன்னிரண்டு கம்பி கிடார். கம்பிகள் ஜோடி ஜோடியாக ஒட்டி இருக்கும். ஒரே விரலால் இரண்டையும் சேர்த்து அழுத்த வேண்டும். தடித்த கம்பியோடு மெல்லியதும் சேர்ந்து ஒலிக்கும்போது, பக்கத்தில் இன்னொருவர் உட்கார்ந்து கூடவே வாசிப்பது போலிருக்கும்.

முதலில் என்னிடம் இருந்தது மரக் கிடார். எங்கள் ஊர் வெயிலில் அதன் கழுத்து வளைந்தது, பலகை உப்பியது. ஒரு ஈஸ்டருக்கு முன்னால் கம்பிகளைப் பிடித்து நிற்கும் கட்டையே பெயர்ந்து கையோடு வந்துவிட்டது. பெங்களூரில் ஒருவர் கார்பன் ஃபைபரில் கிடார் செய்து தருகிறார், அது வெயிலுக்கும் மழைக்கும் அசையாது என்று கேள்விப்பட்டுத் தேடிப் போனேன். அவர் என் இடது கையைக் காகிதத்தில் விரித்து வைக்கச் சொல்லி, பென்சிலால் சுற்றி வரைந்துகொண்டார். எனக்குச் சின்னக் கை. அதற்கேற்ப ஒல்லிக் கழுத்து வைத்துச் செய்தார். வந்து சேர்ந்தபோது கன்னங்கரேலென்று இருந்தது. ஜன்னல் பக்கம் திருப்பினால் மட்டும் உள்ளே பாய் முடைந்தது மாதிரி ஒரு நெசவு தெரியும். கணக்கு டீச்சர் சம்பளத்தில் நான் எனக்கென்று வாங்கிய ஒரே பொருள் அதுதான்.

பிறகு அந்த விபத்து. திருப்பதியிலிருந்து ஸ்கூட்டரில் திரும்பும்போது, பூதலப்பட்டுக்குப் பக்கத்தில் ஒரு லாரி ஒதுக்கியதில் சறுக்கி விழுந்தேன். இடது மணிக்கட்டு உடைந்தது. எலும்பு கூடியது, நரம்பு சரியாகவில்லை. மோதிர விரலும் சுண்டு விரலும் மடங்கினபடியே நின்றுவிட்டன.

மாதக்கணக்கில் பயிற்சி செய்தேன். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை பிடிவாதமாகக் கிடாரைக் கோயிலுக்கு எடுத்துப் போனேன். இரண்டாவது பாட்டிலேயே பாதிக் கம்பிகள் அடைத்துக்கொண்டு கரகரத்தன. ஆராதனை முடிந்ததும் பாடகர் குழுவை நடத்தும் என் நாத்தனார் வந்தார். குரலில் அன்பு வழிந்தது.

"எதுக்கு கஷ்டப்படற? கீபோர்டுலயே கிடார் சத்தம் கீது. நீ சும்மா நின்னு பாடு, போதும்."

அடுத்த வாரம் என் இடத்தில் மைக் இல்லை.

கிடார் பெட்டியை பீரோவின் மேல் ஏற்றி வைத்தேன். கணவர் படுக்கையிலிருந்து அதைப் பார்த்தபடி சொன்னார்: "சவப்பெட்டி மாரி கீது. வாசிக்கப் போறதில்லன்னு ஆயிப்போச்சு. அத எதுக்கு வெச்சிக்கினு கீற? வித்துடு."

இருந்துவிட்டுப் போகட்டும் என்று வீட்டில் ஒருவராவது சொல்வார்கள் என்று காத்திருந்தேன். யாரும் சொல்லவில்லை. நானும் சரி என்றுவிட்டேன்.

அவர் போட்டோ எடுத்து இணையத்தில் போட்டார். "பிளாஸ்டிக்கா மேடம்?" என்றுதான் பலர் கேட்டார்கள். கடைசியில் கல்யாணக் கச்சேரிகளுக்கு வாசிக்கும் ஒருவர் திருச்சானூருக்கு வரச் சொன்னார். திருப்பதியில் இறங்கி ஷேர் ஆட்டோவில் போனோம். பெட்டியை மடியில் வைத்துக்கொண்டேன். ஒரு லாட்ஜின் மாடியில் அவர்கள் ஒத்திகை பார்க்கும் அறை.

நானே சுருதி சேர்த்துக் கொடுத்தேன். முறுக்காணி திருக அந்த இரண்டு விரல்கள் தேவையில்லை. அவர் வாங்கி வாசித்தார். நன்றாகவே வாசித்தார், என்னைவிட நன்றாக. இத்தனை மாதம் ஊமையாகக் கிடந்த பொருள் அந்த அறை நிறைய ஒலித்தது. சரியான ஆளிடம்தான் வந்திருக்கிறது என்று நினைத்தேன். அந்த ஆறுதல் சில நிமிடங்கள்தான் இருந்தது.

பணம் கைமாறியதும் அவர் மேஜையிலிருந்து கட்டரை எடுத்து, மெல்லிய கம்பி ஒன்றை வெட்டினார். டப்பென்று சுருண்டு எழும்பியது. இன்னொன்று.

"இன்னா பண்றீங்க?" என்று எழுந்துவிட்டேன்.

"ஆறு எடுத்துட்றேன் அக்கா. ஸ்டேஜ்ல பன்னெண்டையும் ட்யூன் பண்ணிக்கினு கீறதுக்கு டைம் ஏது? கழுத்து வேற சன்னம், நம்ம வெரலுக்கு நெருக்கமா கீது. ஆறு இருந்தா சாலு, அதுவே போதும். கார்பன்னா வெயில்ல சுருதி எறங்காதுன்னாங்க, அதுக்குத்தான் வாங்கினேன்."

"குடுத்துடுங்க. பணத்த திருப்பித் தந்துட்றேன்."

விளையாடுகிறேன் என்று நினைத்துச் சிரித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, கணவரைப் பார்த்தார்.

"அது அவரு பொருளு. இன்னா வேணா பண்ணிக்குவாரு," என்று கணவர் என் முழங்கையைப் பிடித்தார். "நட. மானத்த வாங்காத."

அந்த மனிதர் மரியாதை தெரிந்தவர். நாங்கள் அறையை விட்டுப் போகிறவரை கட்டரைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். பாதிப் படி இறங்கும்போது மூன்றாவது கம்பி அறுபடுவது கேட்டது.

"இனிமே அதப் பத்தி வீட்டுல பேச்சே வேணாம்," என்றார் கணவர், பஸ் கிளம்பியதும். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். வீடு வரை அவர் போனில் கிரிக்கெட் பார்த்தார்.

இந்த வருடம் சித்தூரில் என்னோடு வேலை பார்க்கும் டீச்சர் மகளின் ரிசப்ஷனுக்குப் போனோம். மேடையில் அதே குழு, அதே கிடார். அதன் உடம்பில் குழுவின் பெயர் போட்ட மஞ்சள் ஸ்டிக்கர். தலைப்பக்கம் ஆறு முறுக்காணிகள் கம்பியில்லாமல் நின்றன. இடைவேளையில் அந்த மனிதர் என்னை அடையாளம் கண்டு இறங்கி வந்து தெலுங்கில் நலம் விசாரித்தார்.

"பாகுன்னாரா அக்கா? சூப்பர் கிடார். ஒரு கம்ப்ளெய்ண்ட் இல்ல." பக்கத்தில் நின்ற பாடகிப் பெண்ணிடம், "இந்த அக்காகிட்டதான் வாங்கினேன்," என்றார்.

அந்தப் பெண் கண்களை விரித்தாள். "நீங்க வாசிப்பீங்களா ஆண்ட்டி?"

நான் வாயைத் திறப்பதற்குள் என் கணவர் சிரித்தபடி பதில் சொன்னார்: "சும்மா ஆசைக்கு வாங்கி வெச்சிருந்தா. வாசிக்கல்லாம் தெரியாது."

அவர் அதை மறைப்பதற்காகச் சொல்லவில்லை. பேச்சை முடித்துவிட்டுச் சாப்பிடப் போகலாம் என்பதற்காகச் சொன்னார். எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகள் முதல் வரிசையில் உட்கார்ந்து நான் வாசித்ததைக் கேட்டவர் அவர். கிடார்க்காரர் என் இடது கையைப் பார்த்துவிட்டு மேடைக்குப் போய்விட்டார்.

பந்தியில் கணவர் எனக்கும் சேர்த்து நாற்காலி பிடித்து, கையை ஆட்டிக் கூப்பிட்டார். நான் எதிர் வரிசையில், முன்பின் தெரியாத ஒரு குடும்பத்துக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்து சாப்பிட்டேன். ஏன் அங்கே உட்கார்ந்தாய் என்று அவர் இன்றுவரை கேட்கவில்லை.