சைலாவின் சாட்சிக் கடிகாரம்

சைலா ரவுதியோ கைக்கடிகாரத்தைப் பார்க்கிறாள். பிறகு ட்ராம் நிறுத்தத்துக் கடிகாரத்தைப் பார்க்கிறாள். பிறகு மறுபடியும் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறாள். நடுவில் யாராவது வணக்கம் சொல்லிவிட்டால் அந்தப் பார்வை செல்லாது, முதலிலிருந்து தொடங்குவாள். பின்லாந்தின் தம்பெரே நகரில் ட்ராம் ஓட்டுகிற நான் காலைதோறும் இந்தக் கூத்தை முன்கண்ணாடி வழியாகப் பார்க்கிறேன். கதவு திறந்திருந்தாலும் பார்த்து முடிக்காமல் ஏறமாட்டாள். ஒருநாள் பொறுமையிழந்து மணியடித்தேன். ஏறிவந்து என் கூண்டைத் தட்டி, "உன் நிறுத்தத்துக் கடிகாரம் பின்தங்குதுடி, கைசா. ஆபீஸ்ல சொல்லி வை," என்றாள். சொன்னேன். பின்தங்கத்தான் செய்தது.

நாங்கள் ஒரே கட்டிடத்தில் குடியிருக்கிறோம். அவள் எனக்கு மேல்மாடி. ஐம்பதைத் தாண்டியவள். நல்ல உயரம், எந்தக் காலத்திலும் ஒரே சாம்பல் நிறக் கம்பளிச் சட்டை. ரை ரொட்டிமேல் வெள்ளரியைக் கண்ணாடித் தாள்போல் சீவி அடுக்குவாள். அவள் சமையலறையில் மணி பார்க்க வழியில்லை. அடுப்பிலும் மைக்ரோவேவிலும் ஒளிரும் எண்களின்மேல் கறுப்பு ஒட்டுநாடா ஒட்டியிருக்கிறாள். கேட்டால், "அதுங்க மணி காட்டல, நடிக்குதுங்க," என்பாள்.

சந்தேகப்படுவதற்குச் சம்பளம் வாங்குகிறவள் நான் அறிந்து இவள் ஒருத்திதான். கணினியில் எல்லாவற்றுக்கும் அடியில் கெர்னல் என்றொரு நிரல் ஓடுகிறது. பல நாட்டு ஆட்கள் சேர்ந்து எழுதுவது. அதில் கடிகாரங்களை உளவு பார்க்கும் பகுதி சைலாவுடையது. ஒரு கணினிக்குள் ஒன்றுக்கு மேற்பட்ட கடிகாரங்கள் உண்டாம். வேகமானது ஒன்று, எல்லோரும் அதைத்தான் கேட்பார்கள். மந்தமானது இன்னொன்று, ஆனால் நிதானம் உள்ளது. சைலாவின் நிரல் மந்தமானதைச் சாட்சியாக வைத்து, வேகமானதை ஓயாமல் குறுக்கு விசாரணை செய்கிறது. இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் வேகமானதை 'நம்பத்தகாதது' என்று ஒரே வரியில் எழுதி ஒதுக்கிவிடும். அணைத்து மறுபடி போடும்வரை அதை யாரும் மணி கேட்கமாட்டார்கள்.

"சாட்சியும் தூங்கும்டி," என்பாள் சைலா. "அது லேட்டா வந்துட்டு, நிரபராதியப் போட்டு அடிக்கக் கூடாது பாரு. அதனாலதான் சாட்சிகிட்ட ரெண்டு தடவை கேக்கணும். முன்னாடி ஒண்ணு, பின்னாடி ஒண்ணு." ட்ராம் நிறுத்தத்தில் நடக்கும் கூத்துக்கு விளக்கம் அதுதான்.

அவளை உண்மையில் ஆட்டிவைப்பது வேறொன்று. சில இயந்திரங்களில் கெர்னலுக்கும் தெரியாமல், மின்சுற்றுப் பலகையோடு பலகையாக இன்னொரு நிரல் பதுங்கியிருக்கும். சூடு ஏறினாலோ, விசிறி ஓடாவிட்டாலோ, அது எல்லாவற்றையும் அப்படியே நிறுத்திவிட்டுத் தன் வேலையைப் பார்க்கும். அந்த நேரத்தில் அந்த இயந்திரம் எங்கேயும் இல்லை. வேலை முடிந்ததும் விட்ட எழுத்திலிருந்து எல்லாம் தொடரும். அதில் சில, போன நேரம் தெரியாமலிருக்க வேகக் கடிகாரத்தையும் பழைய இடத்துக்கே திருப்பி வைத்துவிட்டுப் போகுமாம். தான் இல்லாமல் போனது அந்த இயந்திரத்துக்கு ஒருநாளும் தெரியாது. காப்பிக் கோப்பையை இரு கைகளாலும் பொத்திக்கொண்டு சைலா இதைச் சொன்ன அன்று, வீட்டுக்கு வந்து விளக்கெல்லாம் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

இந்த ஊரில் வாயாடி என்று பெயரெடுக்கச் சேர்ந்தாற்போல் நான்கு வாக்கியம் பேசினால் போதும். நான் கிழக்குப் பக்கத்துக் கரேலியாக் குடும்பம். நாலாவது வாக்கியத்தில்தான் எங்களுக்குத் தொண்டையே திறக்கும். மற்றவர்களோ பேச்சுக்கு நடுவே கடல்போல மௌனம் விடுவார்கள். அதைக் கலைப்பது மரியாதை இல்லை. எதிராளி யோசிக்கிறார் என்று அர்த்தம்; காத்திருக்க வேண்டும். இந்த மரியாதைதான் சைலா விஷயத்தில் எல்லோரையும் ஏமாற்றியது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டில் காப்பி. ஊற்றிக்கொண்டே, "ரீக்கா சொன்னா, இந்த வருஷம் ஏரி…" என்று ஆரம்பித்தவள் நின்றுவிட்டாள். ரீக்கா அவள் தங்கை. கெண்டியின் மூக்கு என் கோப்பைக்கு மேலே அந்தரத்தில் நின்றது. நான்தான் காத்திருக்கத் தெரியாதவளாயிற்றே. "ஏரிக்கு என்ன? பால் இருக்கா? சைலா, பால் இருக்கான்னு கேட்டேன்." பதில் இல்லை. கண் திறந்தேதான் இருந்தது, என்னை நோக்கித்தான் இருந்தது. அதில் நான் இல்லை. இடக்கை விரல்கள் மட்டும் கம்பளிச் சட்டையில் இல்லாத ஒரு பொத்தானைத் தேடித் தேடித் திருகிக்கொண்டிருந்தன. குளிர்பதனப் பெட்டி உறுமி ஓய்ந்தது.

"…சீக்கிரமே உறைஞ்சுடும்னு," என்றாள். காப்பி விழத் தொடங்கியது.

ஒட்டுப்போட்ட தடமே இல்லை.

"நான் இப்ப என்ன கேட்டேன்?"

"நீ எங்க கேட்ட? நான்ல பேசிட்டிருக்கேன்."

அதற்குப் பிறகு விசாரித்துப் பார்த்தேன். ரீக்காவுக்கு இது தெரியும். இலையுதிர் காலத்திலிருந்தே அக்கா 'ஆழமாக யோசிக்கிறாள்' என்று நினைத்திருந்தாள். அலுவலகத்தில் இன்னும் மோசம். திரையில் கூடும் கூட்டங்களில் சைலா பேச்சை நிறுத்தினால் அத்தனை பேரும் மூச்சுவிடாமல் காத்திருப்பார்களாம். அந்த மௌனத்துக்குப் பிறகு அவள் சொல்வது எப்போதும் சரியாக இருக்குமென்று ஒரு பேர் வேறு. இத்தனை அறிவாளிகள் நடுவில் ஒரு மனுஷி வந்து வந்து போய்க்கொண்டிருந்தாள், எல்லோரும் மரியாதையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்குக் கோபம் கோபமாக வந்தது.

ஏனென்றால் சனிக்கிழமைதோறும் ரீக்காவின் இரட்டைக் குழந்தைகளைப் பின்சீட்டில் வைத்து, ஏரியோரச் சாலையில் குடும்பக் குடில்வரை கார் ஓட்டிப்போகிறவள் சைலா. அந்தச் சாலையில் எதிரே மரம் ஏற்றிய லாரிகள் வரும்.

நேரே அவளிடமே போய்ச் சொன்னேன். சிரித்தாள்.

"நீ காலை ஷிஃப்ட் முடிச்சுட்டு வந்திருந்த. நீதான் தூங்கியிருப்ப."

"நான் தூங்கினா என் ட்ராம் நிக்கும்டி. காலடியில ஒரு மிதி இருக்கு. முழிச்சிருக்கேன், முழிச்சிருக்கேன்னு அதுகிட்ட சொல்லிக்கிட்டே இருக்கணும். சொல்லலேன்னா தானா நின்னுடும். உன் கார்ல என்ன இருக்கு?"

சிரிப்பு நின்றது. "ஒரு சாட்சி போதாது, கைசா."

"டாக்டர்கிட்ட போ. அங்க நூறு சாட்சி வெச்சிருப்பாங்க."

"போனா மொதல்ல லைசென்ஸைத்தான் வாங்கி வெப்பாங்க." ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "நம்பத்தகாததுன்னு ஒரு தடவ எழுதிட்டா, அப்புறம் அதுகிட்ட யாரும் எதுவும் கேக்க மாட்டாங்கடி. அந்த வரிய எழுதினவளே நான்தான். எனக்குத் தெரியாதா?"

அவள் பயந்திருந்தாள். அவளுக்கு வயதானதுபோல் அன்றுதான் முதன்முதலாக எனக்குத் தோன்றியது.

வியாழன் மாலை கட்டிடத்தின் அடித்தளத்தில் இருக்கும் சௌனா என்கிற நீராவிக் குளியலறை பெண்களுடையது. அன்று நாங்கள் இருவர்தான் இருந்தோம். அடுப்புக்கு அருகே மேல்பலகை சைலாவின் இடம். அங்கே உட்காருகிறவர் கையில்தான் மர அகப்பை இருக்கும். சுடும் கற்களின்மேல் எப்போது தண்ணீர் வீசுவது, எவ்வளவு வீசுவது என்பதெல்லாம் அவர் இஷ்டம். இத்தனை வருடத்தில் அவள் அகப்பையை யாரிடமும் கொடுத்து நான் பார்த்ததில்லை. நான் ஒருமுறை கேட்டதற்கு, "உனக்கு அளவு தெரியாது," என்று வெட்டிவிட்டாள்.

எதிர்ச்சுவரில் ஒரு மணற்கடிகாரம், அச்சில் சுழலும்படி மாட்டியிருக்கிறது. சைலாவுக்கு மனதாரப் பிடித்த கடிகாரம் அது ஒன்றுதான். "இதுக்குள்ள எவனும் ரகசியமா புகுந்து நேரத்தத் திருப்பி வெக்க முடியாது. வெச்சா மணலே காட்டிக்குடுத்துடும்," என்று அன்றும் சொன்னாள். மேல்குமிழ் ஏறக்குறையக் காலி. கடைசி மணல் நூலாக இறங்கிக்கொண்டிருந்தது.

"முடியப்போகுது," என்றாள் அதைப் பார்த்து. வாளியிலிருந்து அகப்பை நிறைய மொண்டாள். "சனிக்கிழமை புள்ளைங்கள நான் வழக்கம்போலக் கூட்டிட்டுப்…"

அகப்பை கற்களுக்கு மேலே நின்றது.

இந்தமுறை நான் பேசவில்லை. என் வாழ்க்கையிலேயே அப்போதுதான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். அகப்பை மெல்லச் சாய்ந்தது. ஒவ்வொரு சொட்டாகத் தண்ணீர் கல்லில் விழுந்து, விழுந்த இடத்திலேயே சீறி மறைந்தது. அவள் முகத்தில் வியர்வை வழிந்தது. கண்ணுக்குள் போயும் அவள் இமைக்கவில்லை. இடக்கை வெறும் மார்பில் அந்தப் பொத்தானைத் தேடிக்கொண்டிருந்தது. அவளுக்குள் யாரும் இல்லை. அவளைத் தொட எனக்குப் பயமாக இருந்தது. கீழே இறங்கி மணற்கடிகாரத்தைத் திருப்பினேன். பிறகு அவள் சாய்ந்துவிடாதபடி அவளுக்கும் அடுப்புக்கும் நடுவே போய் நின்றேன்.

சொட்டுகள் நின்றன. மணல் மட்டும் இறங்கிக்கொண்டிருந்தது.

"…போவேன். நீ ஒண்ணும் கவலப்படாத," என்று முடித்து, அகப்பையை வீசினாள்.

கற்களிலிருந்து சத்தமே வரவில்லை.

மறுபடி வீசினாள். பிறகு அகப்பைக்குள் பார்த்தாள். எதிரே நின்றிருந்த என்னைப் பார்த்தாள். அவள் கணக்கில் ஒரு நொடி முன்னால் நான் பக்கத்தில் அல்லவா உட்கார்ந்திருந்தேன். "நீ எப்படி அங்க…" என்றவள் சுவரைப் பார்த்தாள். காலியாகிக்கொண்டிருந்த மேல்குமிழ் நிறைந்திருந்தது. கீழே விரல்நுனி அளவுக்கு ஒரு சின்னக் குவியல்.

அந்தக் குவியலை நெடுநேரம் பார்த்தாள். நான் காத்திருந்தேன், இந்தமுறை அவள் உண்மையாகவே யோசித்துக்கொண்டிருந்தாள், இமைகள் அடித்துக்கொண்டன. கண்ணை என்னிடம் திருப்பினாள். பிறகு மறுபடியும் குவியலைப் பார்த்தாள்.

"கார் சாவி என் கோட்டுப் பையில இருக்கு," என்றாள்.

அகப்பையைத் திருப்பி, பிடி என் பக்கம் வரும்படி நீட்டினாள்.