இன்ஜின் நின்ற பிறகு கேட்ட பேச்சுகள்

ஒற்றை இன்ஜின் போர் விமானத்தில் இன்ஜின் நின்றுபோனால் ஓரங்கட்டிவிட்டு இறங்கிப் பார்க்க முடியாது. 'சொன்னேனே, கேட்டீர்களா?' என்று அலுவலகத்தில் பல்லைக் கடித்தவர்களுக்கு மீதி புரியும்.

ஓடுபாதையில்

ஹைதராபாத்தைச் சுற்றிக் காலி நிலமெல்லாம் காலனிகளாகிக்கொண்டிருந்த வருஷங்கள். நான் விமானப்படை பைலட். இன்ஜினில் அதிர்வு இருக்கிறது என்று இரண்டு தடவை சொன்னேன். "எல்லாம் பார்த்தாச்சு, எடுத்துட்டுப் போங்க" என்றார் பராமரிப்பு அதிகாரி. போனேன்.

திரும்பி வரும்போது பின்னால் ஒரு இடி. வேகம் செத்தது. மறுபடி கிளப்பிப் பார்த்தேன், பிடிக்கவில்லை. குதித்துவிடு என்றார்கள் ரேடியோவில். கீழே புது வீடுகள், மாடிக் கொடிகளில் துணி. குதித்தால் விமானம் அந்த வீடுகள்மேல்தான் விழும். மூக்கைத் தாழ்த்தி, இருந்த உயரத்தைக் கொடுத்து வேகத்தை வாங்கிக்கொண்டே வந்தேன். சக்கரங்களைக் கடைசி நிமிஷத்தில் இறக்கினேன். தரையில் மோதி, டயர்கள் வெடித்து, ஓடுபாதை முடிகிற இடத்தில் நின்றது. ஜீப்பில் வந்த அதே அதிகாரி என்னைப் பார்க்கவில்லை. குனிந்து சக்கரத்தைப் பார்த்தார்.

"ரெண்டு டயரும் போச்சே" என்றார்.

விசாரணையில்

நான்தான் ஏதோ சுவிட்சைத் தப்பாகத் தொட்டேன் என்று ஆரம்பித்தார்கள். இன்ஜினைப் பிரித்தபோது உள்ளே சுழலும் விசிறியின் பிளேடு ஒன்று முறிந்து கிடந்தது. அதிர்வைப் பற்றிச் சொன்னபோது ஏன் யாரும் பிரித்துப் பார்க்கவில்லை என்று மேஜையைத் தட்டிக் கேட்டேன்.

தலைமை அதிகாரி கண்ணாடியைத் துடைத்தபடி சொன்னார்: "உங்க மேல தப்பில்ல. ஆனா, இவ்வளவு கோபம் ஒரு பைலட்டுக்கு ஆகாது."

வீட்டில்

இதை மனைவியிடம் கொட்டினேன். நகரத்துக்குள் ஹப்சிகுடாவில் இருக்கும் அவள் அண்ணன் வீட்டிலிருந்து அப்போதுதான் வந்திருந்தாள். கேட்டுக்கொண்டே தட்டை வைத்தாள், சத்தமாகவே வைத்தாள்.

"அந்த வீட்டுக்காரங்க யாருன்னு உங்களுக்குத் தெரியாது. என்னைத் தெரியும்ல? குதிச்சிருக்கணும்."



காலனிக்காரர்

கொஞ்ச நாள் கழித்து அந்தப் புது வீடுகள் இருந்த காலனியின் செயலாளர் விமான இரைச்சலைப் பற்றிப் புகார் சொல்ல வந்தார். பேசி அனுப்பும் வேலை என் தலையில் விழுந்தது. நல்ல மனிதர்தான், குழந்தைகள் தூங்குவதில்லை என்றார். எழுந்திருக்கும்போது சொன்னார்:

"போன மாசம் ஒரு விமானம் சத்தமே இல்லாம போச்சு சார். எல்லாத்தையும் அப்படி ஓட்டக் கூடாதா?"

இன்ஜின் இல்லாமல் விமானத்தை இறக்கக் கற்றுக்கொடுத்தவர்கள், கோபத்தை எங்கே இறக்கிவைப்பது என்று மட்டும் சொல்லித்தரவில்லை.