நான் பார்த்து வைத்த வீடு

என் தம்பிக்குக் கொழும்பில் தங்க வீடு பார்த்தது நான்தான். இதில் வேறு யாரையும் பங்குக்குக் கூப்பிட முடியாது. அவன் அந்த வீட்டிலிருந்து ஊருக்குத் திரும்பவில்லை. அதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சுற்றி வளைத்துப் பேச எனக்கு வராது.

அப்பா அதற்கு இரண்டு வருஷம் முன்பே போய்விட்டார். ஹட்டன் கடைவீதியில் இருந்த துணிக்கடையையும் அம்மாவையும் தம்பியையும் என் தலையில் வைத்துவிட்டுத்தான் போனார். எனக்கு இருபத்தாறு வயது. ஊருக்கே புத்தி சொல்லுகிற வயது.

முப்பதுகளின் நடுவில் ஒரு வருஷம், தம்பிக்குக் கொழும்புப் பல்கலைக்கழகக் கல்லூரியில் இடம் கிடைத்தது. எங்கள் கடைவீதியிலிருந்து அங்கே போகிற முதல் ஆள் அவன். தோட்டங்களிலிருந்து சீட்டித்துணி வாங்க வந்தவர்களிடமெல்லாம் நான் அதையே பீற்றிக்கொண்டிருந்தேன். "போதும்ண்ணே, மானத்த வாங்காத" என்று அவன் உள்ளே ஓடிவிடுவான்.

கல்லூரி விடுதி வேண்டாம் என்று அம்மா சொல்லிவிட்டாள். ஒரே பானையில் எல்லாக் கறியும் வேகும் என்று யாரோ அவள் காதில் ஓதியிருந்தார்கள். ஆகவே நல்ல வட்டாரத்தில், நல்ல வீட்டில், ஓர் அறை வாடகைக்கு வேண்டும். நான் காலை ரயிலுக்குக் கிளம்பும்போது அம்மா ஒவ்வொரு விரலாக மடக்கினாள்.

"பெரியவனே, சாராயக் கடை பக்கத்துல இருக்கக் கூடாது. வயசுப் பொண்ணு இருக்கற வீடு ஆகாது. மாட்டுக்கறி அடுப்புல ஏறக் கூடாது. அப்புறம் தண்ணி. சின்னவன் தண்ணிக்குத்தான் பாடாப் படுத்துவான், உனக்கே தெரியும். தண்ணியப் பாத்துக்கோ."

"எல்லாம் பாத்துக்கறேம்மா. என்னைய என்ன பச்சப்புள்ளன்னு நெனச்சியா?" என்றேன்.

அம்மா சொன்னது உண்மை. தம்பிக்குச் சோறு எப்படி இருந்தாலும் போகும், தண்ணீர் மட்டும் பல் கூச வேண்டும். டிக்கோயாவுக்கு நடந்து போனால், வழியில் இருக்கிற ஒவ்வொரு பீலியிலும் நின்று, மலையிலிருந்து தகரக் குழாய் வழியே விழுகிற தண்ணீரை இரண்டு கையிலும் ஏந்திக் குடித்துவிட்டுத்தான் நகருவான். "மாடுகூட இப்படிக் குடிக்காதுடா!" என்று நான் கத்துவேன். அவன் ஈர வாயோடு சிரிப்பான்.

எங்கள் பக்கத்தில் தண்ணீரைச் சோதிக்க ஒரு முறை உண்டு. முதலில் மேலே பார்ப்போம். மேலே தோட்டத்துக் கூலி வீடுகளான லயம் இருந்தால், அங்கே குடியிருக்கிற சனங்கள் குளித்ததும் கழுவியதும் கீழேதான் இறங்கும், அந்தத் தண்ணீரைத் தொட மாட்டோம். பிறகு மணிக்கட்டைத் தண்ணீருக்குள் பிடிப்போம். வெதுவெதுப்பாக இருந்தால் நாலு இடத்தில் தேங்கி வந்தது. எலும்பு வரை குளிர்ந்தால் ஆள் இல்லாத காட்டுக்குள்ளிருந்து நேரே வருவது, தாராளமாகக் குடிக்கலாம். கொட்டகலையில் கேட்டாலும் திம்புள்ளயில் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். மலையில் அது சரியான முறைதான்.

கொழும்பில் மூன்று நாள் அலைந்தேன். செட்டியார் தெருவில் எங்களுக்குத் துணி அனுப்புகிற மொத்தக் கடையின் மாடியில் படுத்துக்கொண்டேன். தம்பியையும் அங்கேயே விடும்படி முதலாளி சொன்னார். பதினாறு பேர் பாய் விரிக்கிற மாடி, மூலையில் எந்நேரமும் சீட்டாட்டம். புத்தகத்தை எங்கே விரிப்பான்? வேண்டாம் என்றேன்.

இரண்டாம் நாள் ஒரு பறங்கி அம்மாளின் வீட்டுக்குப் போனேன். கணவர் ரயில்வே கார்டாக இருந்து இறந்தவர். நானுஓயாவில் சில வருஷம் இருந்ததால் அந்த அம்மாளுக்குத் தமிழ் கொஞ்சம் வரும். கல்லூரிக்குப் பத்து நிமிஷ நடை. அகலமான தெரு, மரநிழல், நல்ல காற்று. சாராயக் கடை இல்லை, வயசுப் பெண் இல்லை. மாட்டுக்கறியைப் பற்றி நான் இழுத்து இழுத்துக் கேட்பதற்குள், "பிள்ளைக்கு வேற சட்டி, வேற அடுப்பு. நான் தெரியும்" என்று அவளே சொல்லிவிட்டாள். கிட்டத்தட்டப் பேசி முடித்தாயிற்று. அப்போதுதான் குடிக்கத் தண்ணீர் கேட்டேன். கண்ணாடித் தம்ளரில் கொண்டுவந்தாள். வாயில் வைத்தால் வெதுவெதுவென்று இருந்தது, லேசான புகை வாசம் வேறு.

"என்னாங்க இது, சுடுதண்ணியா?"

"குழாய்த் தண்ணிதான். நான் கொதிக்க வைச்சுத்தான் கொடுக்கிறது. பிள்ளைக்கும் அதேதான்."

"வீட்டுல யாருக்காச்சும் ஒடம்புக்கு முடியலீங்களா?"

"ஐயோ, இல்லை, இல்லை! கொழும்புத் தண்ணி நம்பக்கூடாது. அதுக்கு."

சொல்லி வைத்தாற்போல் அந்த நேரம் பார்த்து இரண்டு தரம் இருமினாள். போதாதா எனக்கு! எங்கள் வீட்டில் தண்ணீரைக் கொதிக்க வைப்பது காய்ச்சல்காரனுக்கும் பிள்ளை பெற்றவளுக்கும்தான். குழாய்த் தண்ணீரையே கொதிக்க வைக்கிறாள் என்றால் உள்ளே யாரோ படுத்துக் கிடக்கிறார்கள், மறைக்கிறாள் என்று முடிவு கட்டினேன். புருஷன் எந்த நோயில் செத்தானோ என்றும் ஒரு நினைப்பு ஓடியது. "வீட்ல கேட்டுட்டுச் சொல்றேங்க" என்று எழுந்துவிட்டேன். அவள் வாசல் வரை வந்து, "பிள்ளையை நல்லாப் பார்ப்பேன், மிஸ்டர்" என்றாள். நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பெரிய புத்திசாலி அல்லவா நான்!

மூன்றாம் நாள் ஒரு சந்துக்குள் இருந்த வீட்டுக்குப் போனேன். தஞ்சாவூர்ப் பக்கத்துச் சைவக் குடும்பம், புருஷன் பாத்திரக் கடையில் வேலை, இரண்டும் சின்னப் பிள்ளைகள். வாசலில் கோலம், உள்ளே சாம்பிராணி வாசம். அந்தச் சந்துக்குக் குழாய்த் தண்ணீர் வந்திருக்கவில்லை. வீட்டின் பின்னால் பலா மரத்தடியில் கிணறு இருந்தது. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தேன். பழக்கப்படி முதலில் மேலே பார்த்தேன். பலா மரமும் வானமும்தான் தெரிந்தன. வாளியை இறக்கி மொண்டு மணிக்கட்டை விட்டேன். அம்மாடி, அந்த வேகிற ஊரில் அப்படி ஒரு குளிர்! ஏந்திக் குடித்தேன். மூன்று நாள் அலைச்சலும் பறந்துவிட்டது.

"இதுதான் நம்ம வீடு" என்று வாய்விட்டே சொன்னேன்.

வீட்டுக்கார அம்மா சிரித்தாள். "எங்க கெணத்துத் தண்ணிக்கு இந்தச் சந்தே வந்து நிக்கும்ங்க" என்றாள்.

தம்பி குடிபோய்ப் பத்தாம் நாள் கடிதம் வந்தது. "அண்ணே, இந்த ஊரில் எல்லாமே சூடு. புத்தகம்கூடச் சுடுகிறது. கிணற்றுத் தண்ணீர் ஒன்றுதான் நம்ம ஊர். கல்லூரி விட்டதும் நேரே கிணற்றடிக்குத்தான் ஓடுகிறேன். கண்ணை மூடிக்கொண்டு குடித்தால் டிக்கோயா ரோட்டில் நிற்கிற மாதிரி இருக்கிறது. நல்ல வீடு பார்த்தாய் அண்ணே." அம்மாவுக்கு அதை இரண்டு தரம் வாசித்துக் காட்டினேன். கடைசி வரியை மட்டும் மூன்று தரம்.

நாலாம் மாதம் தந்தி வந்தது. கடையைப் பக்கத்துக் கடைக்காரரிடம் ஒப்படைத்துவிட்டு ரயிலேறினேன். அம்மா வரவில்லை. "நீ போனா போதும், நீ எல்லாம் பாத்துக்குவ" என்றாள். ஆஸ்பத்திரியில் நெருப்புக் காய்ச்சல், அதாவது டைபாய்டு, என்றார்கள். கட்டிலில் கிடந்தவனை எனக்கு முதலில் அடையாளம் தெரியவில்லை. உதடு வெடித்து, கண் குழிந்து, காய்ச்சல் கண்ட இருபது நாளில் பாதி ஆளாகியிருந்தான். நர்ஸ் கரண்டியில் தண்ணீர் ஊட்டினால் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"இது சுடுதுண்ணே. நம்ம கெணத்துத் தண்ணி கொண்டாயேன். ஒரு வாய் போதும்."

அவன் கேட்டு நான் எதை மறுத்தேன்? மறுநாள் காலையில் அந்த வீட்டுக்குப் போய் ஒரு பித்தளைச் செம்பு நிறைய மொண்டு, ஈரத் துணியைச் சுற்றி, ஆஸ்பத்திரிக்கு நடந்தேன். வழியில் பறங்கி அம்மாள் வீடு. ஜன்னலோரத்தில் யாரோ ஒரு மாணவன் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தான். மேசையில் அவனுக்குப் பக்கத்தில் ஒரு கண்ணாடித் தம்ளர் மூடி வைத்திருந்தது. அப்போதுகூட என் மண்டையில் உறைக்கவில்லை.

வார்டு வாசலில் டாக்டர் நின்றார். தமிழர், வயதானவர். கொடுக்கலாமா என்று கேட்டேன். செம்பைப் பார்த்தார்.

"கொதிக்க வச்சதா?"

"இல்லீங்க, பச்சத் தண்ணி. ஐஸ் மாதிரி இருக்கும். நாலு மாசமா அவன் இதத்தான் குடிக்கிறான்."

அவர் செம்பின் வாயைக் கையால் மூடினார். பிறகு மெல்லச் சொன்னார். "தம்பி, இந்தக் காய்ச்சல் தண்ணியிலதான் வரும்."

செம்பை வெளியே கொண்டுபோய்ச் சாக்கடையில் கவிழ்த்தேன். பாதி என் காலிலேயே கொட்டியது. வெறுங்கையோடு உள்ளே போனேன். தம்பி என் கையைப் பார்த்தான். "கொண்டாரலியா?" என்று கேட்டான். "நாளைக்கு" என்றேன். அவன் நம்பினான். அதுதான் அவனுக்கு நான் சொன்ன கடைசிப் பொய். அடுத்த நாள் விடிந்து சற்று நேரத்தில் போய்விட்டான். அம்மாவுக்கு முகத்தைக்கூடக் காட்டாமல் கொழும்பிலேயே கொள்ளி வைத்தேன்.

சாமான்களை எடுக்க அந்த வீட்டுக்குப் போனபோது முதல் வேலையாகக் கிணற்றடிக்குப் போய், மதிலுக்கு மேலே எட்டிப் பார்த்தேன். பத்தடி தூரத்தில் பக்கத்து வீட்டாரின் கக்கூஸ் குழி இருந்தது. சமதரையில் அழுக்கு மேலேயிருந்து இறங்காது, மண்ணுக்குள்ளேயே நகர்ந்து வரும். குளிர்ச்சி பலா மர நிழலால் வந்தது. ஒரு தரம், ஒரே ஒரு தரம், அன்றைக்கே எட்டிப் பார்த்திருக்கக் கூடாதா நான்?

வீட்டுக்கார அம்மாவிடம் சொன்னேன். "பிள்ளைங்களுக்கு இனிமே கொதிக்க வச்சுக் குடுங்க." அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். "நாங்களும் இதத்தானேங்க குடிக்கிறோம், எங்களுக்கு ஒண்ணும் வரலியே" என்றாள். அவள் உள்ளே போனதும் ஒரு வாளி மொண்டேன். ஏந்தி ஏந்திக் குடித்தேன். வயிறு முட்டும் வரை குடித்தேன். முன்பு இருந்த அதே குளிர், அதே ருசி. எனக்கும் வரட்டும் என்று வேண்டிக்கொண்டே குடித்தேன்.

வரவில்லை. ரயிலிலும், வீட்டிலும், கடையில் துணி கிழிக்கும்போதும் நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். ஒரு மாதம் பார்த்தேன். தலைவலிகூட வரவில்லை.

ஒரு நாள் அம்மா அதைக் கவனித்துவிட்டாள். பக்கத்தில் வந்து தன் கையையும் என் நெற்றியில் வைத்தாள்.

"காய்ச்சல் ஒண்ணும் இல்லியே. எதுக்கு ராசா இப்படிக் கெடந்து உருகுற? நீ என்ன செய்வ? தண்ணி மொதக்கொண்டு பாத்துத்தானே அந்த வீட்ட புடிச்ச. அவனே எழுதியிருந்தானே, நல்ல வீடுன்னு."

அந்தக் கடிதத்தை அவள் தலையணைக்குக் கீழே வைத்திருந்தாள். அதற்குப் பிறகு பதினொரு வருஷம் உயிரோடு இருந்தாள். மனசு கனக்கும்போதெல்லாம் அதை எடுத்து என்னிடம்தான் நீட்டுவாள், அவளுக்கு வாசிக்கத் தெரியாது. நானும் ஒவ்வொரு தரமும் கடைசி வரி வரை வாசித்துக் காட்டினேன்.