எழுத்துமாற்றி யாருடையது

யுத்தம் முடிந்து, இடம்பெயர்ந்தோர் முகாமிலிருந்து விடுபட்டு நாங்கள் உயிலங்குளத்துக்குத் திரும்பியபோது என் கணவருக்கு வயல் இருந்தது. பற்றையும் புதரும் பிடித்த வயல்தான். ஆனாலும் அது அவருடையது என்று சொல்ல வாய்க்காலும் வரம்பும் அயல் சனமும் இருந்தன. எனக்கு அப்படி ஒன்றும் இருக்கவில்லை. இடம்பெயர முன்னர் ஒரு கந்தோரில் தட்டெழுத்தாளராக வேலை பார்த்தவள் நான். அந்தக் கந்தோரும் போய்விட்டது. மிஞ்சியது தமிழை வேகமாக அடிக்கும் பழக்கம் மட்டும்.

அதை நம்பித்தான் மன்னார் நகரத்தில், உப்புக்குளத்தில், ஒரு சின்னக் கடை எடுத்தோம். என்னோடு பங்குக்கு வந்தவர் தீவுப் பக்கத்து மீன்பிடிக் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு கத்தோலிக்கர். யுத்த காலத்தில் வள்ளத்தில் இந்தியாவுக்குப் போய், அகதி முகாமில் இருந்துகொண்டே கணினி படித்தவர். எல்லாம் முடிந்த பிறகு மனைவி பிள்ளைகளோடு திரும்பி வந்திருந்தார். என்னிலும் இளையவர் என்பதால் நான் அவரைத் தம்பி என்பேன். அவர் என்னை அக்கா என்பார். நான் தட்டச்சு, அவர் நிரல் எழுதுவதும் போன் திருத்துவதும். போட்டோக்கொப்பி யார் கை சும்மா இருக்கிறதோ அவருக்கு.

சனம் எல்லாரும் ஏதோ ஒன்றை எழுதிக் கொடுக்கவேண்டியிருந்த காலம் அது. காணிக்கு, வீட்டுத்திட்டத்துக்கு, கடற்கரையில் கரைவலை இழுக்கும் பாட்டுக்கு, காணாமல்போன பிள்ளைக்கு என்று மனுவோடு மனுவாகக் கடை நிறைந்திருக்கும்.

ஒருநாள் பெரியமடுவில் குடியேற வந்திருந்த ஒரு முஸ்லிம் பெரியவர் கடைக்குள் வந்து ஒரு தாளை என் மேசையில் போட்டார். யுத்த காலத்தில் ஊரைவிட்டு விரட்டப்பட்டு, புத்தளத்தில் இருபது வருஷத்துக்கு மேல் கிடந்துவிட்டுத் தன் காணிக்குத் திரும்பியவர். அவருடைய மனுவை நான்தான் அடித்து, அவர் சொன்ன கந்தோருக்கு மின்னஞ்சலில் அனுப்பியிருந்தேன். அவர்கள் அதை அங்கே அச்செடுத்து அவரிடமே திருப்பிக் கொடுத்திருந்தார்கள். தாள் முழுக்கப் பிய்ந்த ஆங்கில எழுத்துகள்.

"தங்கச்சி, இது என்ன பாஷை? தமிழுமில்ல, அரபுமில்ல. கந்தோர்ல எல்லாரும் பார்த்துச் சிரிக்கிறாங்க. நான் எழுதித் தந்ததா இது?"

அவர் கோபப்படவில்லை. அதுதான் எனக்கு வெட்கமாயிருந்தது.

விஷயம் இதுதான். அப்போது நாங்கள் அடித்த பழைய எழுத்துருவில், கணினிக்குள்ளே இருப்பது ஆங்கில எழுத்து. மேலே தமிழ் முகம் போட்டிருக்கும். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் முகம் கழன்றுவிடும். கந்தோர்களோ உலகப் பொதுவான புதிய முறைக்கு மாறத் தொடங்கியிருந்தன. பழைய கோப்பை வைத்திருப்பவன் எல்லாவற்றையும் முதலிலிருந்து அடிக்கவேண்டும். எங்களிடம் இருந்ததோ ஊர் முழுவதினதும் மனுக்கள்.

அன்றைக்கே தம்பி சொன்னார்: "அக்கா, எந்த எழுத்துக்கு எந்த எழுத்து எண்டு நீங்கள் சொல்லுங்கோ. நான் மாத்திக் குடுக்கிறன்."

சொல்வதற்குச் சுலபமாக இருந்தது. கொம்பு முன்னால் வரும், கால் பின்னால் வரும், உயிர்மெய் இரண்டாகப் பிரிந்து கிடக்கும். ஒரு எழுத்தைச் சரிசெய்தால் இன்னொன்று குழம்பும். ஒருமுறை ஊர்ப்பெயர்கள் எல்லாம் சரியாக வந்து மனுக்காரரின் பெயர் மட்டும் தலைகீழாக வந்தது. பகல் நேரங்களில் வாடிக்கையாளர் இல்லாத இடைவெளிகளில்தான் வேலை. மாரி தொடங்கி அந்த மாரி முடியும்வரை இழுத்தது. கடைசியில் பழைய கோப்பைக் கொடுத்தால் புதியது வந்தது. அது மாறிக்கொண்டிருக்கும் நேரத்தில் திரையில் ஒரு வசனம் வேண்டும் என்று தம்பி கேட்டார். "பொறுங்கோ, மாத்திறன்" என்று போடச் சொன்னேன். பிழை வந்தால் "இது விளங்கேல்லை, திரும்பப் பாருங்கோ." இரண்டு பேரும் சிரித்தோம். பெரியமடுப் பெரியவரின் மனு மறுபடி போனது. இந்தமுறை தமிழாகவே போய்ச் சேர்ந்தது.

அதை எங்களோடு வைத்துக்கொள்ள எங்களுக்குத் தோன்றவில்லை. இணையத்தில் நிரல்களைப் பொதுவில் வைக்கும் ஒரு தளத்தில் தம்பி அதைப் போட்டார். போடுமுன் உரிமங்களைப் பற்றி எனக்கு வகுப்பே எடுத்தார். யாரும் எடுக்கலாம், மாற்றலாம், விற்கவும் செய்யலாம். ஆனால் எழுதியவர் பெயரை அழிக்கக்கூடாது, மாற்றியதையும் இதேபோல் எல்லோருக்கும் திறந்து வைக்கவேண்டும் என்ற கட்டுப்பாடுள்ள ஒன்றைத் தெரிவு செய்தார்.

"இது கெட்டியான உரிமம் அக்கா. பெரிய பெரிய கொம்பனியளே இதுக்குப் பயம்."

நானும் நம்பினேன். மட்டக்களப்பிலிருந்து ஒரு ஆசிரியர் நன்றி எழுதினார். கனடாவிலிருந்து ஒருவர் ஒரு பிழையைத் திருத்தி அனுப்பினார். வீட்டில் என் கணவர் மட்டும் கேட்டார், "விதை நெல்லைக் கொண்டுபோய் றோட்டில கொட்டிப்போட்டு, மாடு தின்னக்கூடாது எண்டு பலகை எழுதி வைச்சிருக்கிறியள். மாடு வாசிக்குமோ?"

அது வேறு, இது வேறு என்று அவருக்கு விளங்கப்படுத்தினேன்.

அடுத்த வருஷம் கந்தோர்களில் வேலை செய்பவர்களுக்குத் தமிழ்க் கணினிப் பயிற்சி ஒன்று நடந்தது. கொழும்பிலிருந்து ஒரு கொம்பனி வந்து நடத்தியது. கந்தோர்களுக்கு ஒப்பந்தத்தில் தட்டச்சு செய்து கொடுக்கிறவள் என்பதால் என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். மண்டபத்தில் பிளாஸ்டிக் கதிரைகள், குளிர்பானம், கழுத்தில் தொங்கவிட அட்டை. கொம்பனியின் ஆள் மடிப்புக் கலையாத சுத்தமான சேட்டோடு, மரியாதையான தமிழில், தாங்கள் பல காலம் ஆராய்ந்து தயாரித்த எழுத்துமாற்றி என்று சொல்லி ஒரு கோப்பைப் போட்டுக் காட்டினார். நீல நிறத்தில் அழகான சாளரம் ஒன்று திறந்தது. மேலே கொம்பனியின் சின்னம். கீழே, மண்டபமே வாசிக்கிற அளவுக்குப் பெரிதாக: பொறுங்கோ, மாத்திறன்.

பக்கத்தில் இருந்த ஒரு அம்மா சிரித்து, "பாருங்கோவன், எங்கட பேச்சிலயே எழுதியிருக்கிறாங்கள்" என்றார்.

நான் எழும்பினேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. "ஐயா, இது நாங்கள் செய்தது" என்றேன். அந்த மனிதர் முகம் மாறவே இல்லை. "ரொம்ப சந்தோஷம் மேடம். மக்களோட கருத்துகளையும் எடுத்துத்தான் நாங்க செஞ்சிருக்கோம்," என்று சொல்லி அடுத்த படத்துக்குப் போய்விட்டார். நான் மெல்லத் திரும்பக் கதிரையில் இருந்தேன். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. தேநீர் இடைவேளையில் எல்லோருக்கும் அந்த மென்பொருள் உள்ள இறுவட்டு ஒன்று கொடுத்தார்கள். அதன் உறையில் அச்சடித்திருந்தது: இதைப் பிரதி எடுப்பது சட்டப்படி குற்றம்.

கடைக்கு வந்து தம்பியிடம் கொடுத்தேன். அவர் அதைப் போட்டு, எங்கள் பழைய கோப்புகள் சிலவற்றை ஓட்டிப் பார்த்தார். பிறகு, "நான் விட்ட பிழையளும் அப்பிடியே இருக்கு அக்கா" என்றார்.

கொம்பனிக்கு எழுதினோம். பணிவாகத்தான் எழுதினோம். பெயரைப் போடுங்கள், உரிமத்தில் சொன்னபடி திறந்து விடுங்கள், வேறொன்றும் வேண்டாம் என்று. பதில் வரவில்லை. கொஞ்ச நாளில் இணையத்தில் எங்கள் பக்கத்தைத் திறந்தால் பக்கமே இல்லை. பதிப்புரிமை முறைப்பாட்டின் பேரில் நீக்கப்பட்டது என்று ஒரு வரி. முறையிட்டது அதே கொம்பனி. எங்களுடைய நிரல் அவர்களுடையதாம். நாங்கள் திருடி வைத்திருக்கிறோமாம்.

அந்தத் தளத்தின் விதிமுறைகளைத் தம்பி எனக்கு வாசித்துச் சொன்னார். முறையிடுகிறவனை முதலில் நம்புவார்கள். மறுக்கிறவன் தன் முழுப்பெயர், விலாசம், தொலைபேசி எல்லாம் எழுதி, தேவைப்பட்டால் வெளிநாட்டு நீதிமன்றம் ஒன்றுக்கு வரச் சம்மதம் என்று கையொப்பமும் வைக்கவேண்டும். அந்தக் கடிதத்தின் ஒரு பிரதி எதிராளிக்கும் போகும்.

"அப்ப எழுதுவம்," என்றேன்.

"என்னெண்டு அக்கா எழுதுறது? எனக்கு இன்னும் அடையாள அட்டை வரேல்லை. வள்ளத்தில போய் வள்ளத்தில வந்தவன். கிழமைக்கு ஒருக்கா ஆமி வந்து விசாரிக்கிறாங்கள். இதில நீதிமன்றத்துக்கு வாறன் எண்டு பேரும் விலாசமும் எழுதிக் குடுக்கச் சொல்லுறியளோ?"

"என்ர பேரில எழுதுவம்."

"பக்கம் என்ர பேரில இருக்கு அக்கா."

முகாமில் இருந்தபோது பெயரையும் விலாசத்தையும் எத்தனையோ பேருக்கு எழுதிக் கொடுத்தவள் நான். அது யார் கைக்குப் போய்ச் சேரும் என்று ஒருமுறையும் தெரிந்ததில்லை. அதனால் அவரை நான் வற்புறுத்தவில்லை. மன்னாரில் ஒரு சட்டத்தரணியிடம் மட்டும் போனோம். நல்ல மனிதர். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "உங்கட பக்கம் நியாயம் இருக்கு. ஆனா இந்த மாதிரி வழக்குகள் கொழும்பிலதான் பேசவேணும். வருஷக்கணக்கில இழுக்கும். அவைக்கு அது தொழில். உங்களுக்கு?" என்றார். கெட்டியான உரிமம் என்று தம்பி சொன்னது அந்தக் கதிரையில் வைத்துத்தான் எனக்கு விளங்கியது. பூட்டு கெட்டிதான். கதவு இருக்கிறவனுக்குத்தான் பூட்டால் பிரயோசனம்.

அதற்குப் பிறகு, பயிற்சி நடத்திய அந்தச் சுத்தச் சேட்டுக்காரர் கடைக்கே வந்தார். பின்னேர வெயில். வாங்கோ என்று கதிரை போட்டேன். வீட்டுக்கு வந்த எதிரிக்கும் கதிரை போடுகிற பழக்கம் போகவில்லை. அவர் கடையைச் சுற்றிப் பார்த்தார். என் கணினியைப் பார்த்தார்.

"மேடம், தப்பா நினைக்காதீங்க. இதுல ஓடுற சிஸ்டம் எங்க வாங்கினது? லைசன்ஸ் இருக்கா?"

இருக்கவில்லை. மன்னாரில் யாரிடமும் இருக்கவில்லை. கந்தோர்களில்கூட இருக்கவில்லை. கணினியை விற்கிறவனே கள்ளக் கொப்பியைப் போட்டுத்தான் விற்பான். வேறு விதமாக ஒன்று கிடைக்கும் என்றே சனத்துக்குத் தெரியாது.

"பாத்தீங்களா? அப்போ உரிமையைப் பத்தி நாம ரெண்டு பேரும் பேசாம இருக்கிறதுதான் நல்லது," என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

எனக்கு அவர் முகத்தில் தேத்தண்ணியை ஊற்றவேண்டும் போலிருந்தது. ஊற்றவில்லை. நாங்கள் பாவித்ததை நாங்கள் எழுதியது என்று ஒருபோதும் சொல்லவில்லை, அதை உண்டாக்கியவனின் பெயரை நாங்கள் அழிக்கவும் இல்லை என்று நல்ல பதில் ஒன்று அவர் போன பிறகுதான் வந்தது. இன்றைக்கும் வந்துகொண்டிருக்கிறது.

அவர் வந்தது என்னைப் பார்க்க இல்லை. தம்பியை வெளியே கூட்டிக்கொண்டு போய்ப் பேசினார். கொழும்பில் வேலை, மாதச் சம்பளம், இருக்க இடம், அடையாள அட்டைக்கு உதவி. பதிலுக்கு ஒரு கையொப்பம்: எழுத்துமாற்றியில் தனக்கு எந்த உரித்தும் இல்லை, அது கொம்பனியுடையது.

தம்பி அடுத்த நாள் கடைக்கு வந்து உட்காராமல் நின்றார்.

"அக்கா, நான் ஓம் எண்டிட்டன்."

"என்னையும் ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாம்."

"கேட்டா நீங்கள் வேண்டாம் எண்டுவியள். அதுதான் கேக்கேல்லை. பிள்ளையளைப் பள்ளிக்கூடத்தில சேர்க்கவே கடுதாசி இல்லாமல் அலையிறன்."

"நீர் எழுதினதை மட்டுமோ குடுத்தனீர்? நான் சொன்னதையும் சேர்த்தல்லோ குடுத்திருக்கிறீர்."

நான் அவரை அதற்குமுன் நீர் என்று கூப்பிட்டதில்லை, எப்போதும் நீங்கள்தான். அவருக்கு அது குத்தியது. போன் திருத்தும் தன்னுடைய சிறிய திருப்புளிகளைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

கடையை நான் தனியாக நடத்தினேன். போன் திருத்த வருகிறவர்களைத் திருப்பி அனுப்பினேன். கந்தோர்கள் எல்லாவற்றிலும் நீலச் சாளரம் வந்துவிட்டது. வேறு வழியில்லாமல் நானும் அதைத்தான் பாவித்தேன். என் வசனத்தை நானே பார்த்துப் பொறுத்திருக்க வேண்டியிருந்தது. கணவர் அந்த மாட்டுக் கதையைப் பிறகு எடுக்கவே இல்லை. சொல்லிக்காட்டியிருந்தால்கூட நன்றாயிருந்திருக்கும்.

அந்த நாட்களில் தொடங்கிய ஒரு கெட்ட பழக்கம், பத்திரிகையில் தொழில்நுட்பச் செய்தி வருகிற பக்கத்தை முதலில் வாசிப்பது. இரண்டு மாபெரும் கொம்பனிகள் சில வரி நிரலுக்காக வருஷக்கணக்காக நீதிமன்றம் ஏறும். நிபுணர்கள் நியாயமான பாவனை என்றால் என்ன என்று பத்தி பத்தியாக எழுதுவார்கள். இப்போது இன்னும் புதிதாக, உலகத்தில் எழுதப்பட்ட எல்லாவற்றையும் இயந்திரத்துக்குத் தின்னக் கொடுத்துவிட்டு, அது திருட்டா படிப்பா என்று விவாதம் நடக்கிறது. படைத்தவனுக்கு உரிமை வேண்டும் என்கிறவர்களும் அறிவு எல்லோருக்கும் பொது என்கிறவர்களும் நன்றாகத்தான் எழுதுகிறார்கள். நான் இரண்டு பக்கத்தையும் வாசித்து இரண்டையும் நம்புவதில்லை. பொது என்ற சொல்லால் எங்களிடமிருந்து எடுத்தார்கள், உரிமை என்ற சொல்லால் எங்களைப் பூட்டினார்கள். எடுத்தவர்களும் பூட்டியவர்களும் ஒரே ஆட்கள்.

பிறகு எல்லோர் கையிலும் புதிய போன் வந்தது. அதில் தமிழ் நேரடியாகவே வந்தது. பழைய எழுத்துரு செத்தது. அதோடு எழுத்துமாற்றியின் தேவையும் செத்தது. கொம்பனி அதை விற்பதை நிறுத்தியது. சட்டப்படி அது இன்னும் அவர்களுடையதுதான். எங்கள் பழைய பக்கத்தைத் திரும்பப் போட எனக்கு இன்றைக்கும் உரிமை இல்லை. போட்டாலும் எடுக்க ஆள் இல்லை.

தம்பியை மாதா கோவிலின் ஆவணித் திருவிழாக் காலத்தில் மன்னார் பஸ் நிலையத்தில் கண்டேன். பிள்ளைகள் வளர்ந்திருந்தார்கள். மனைவியையும் பிள்ளைகளையும் நிழலில் நிறுத்திவிட்டு என்னிடம் வந்தார்.

"அக்கா, கோவமோ இன்னும்?"

"ஓம்."

அவர் தலையாட்டினார். கொம்பனியை வெளிநாட்டுக்காரர் வாங்கிவிட்டார்கள் என்றும் பழைய ஆட்களை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள் என்றும் சொன்னார். அன்றைக்கு வைத்த கையொப்பத்தில், விலகினாலும் சில காலத்துக்கு இந்த மாதிரி நிரல் வேறெங்கும் எழுதக்கூடாது என்றும் இருந்ததாம்.

"இப்ப என்ன செய்யிறீங்கள்?" என்று கேட்டேன். நீங்கள் என்று வாய் தானாகச் சொன்னது.

"பள்ளிமுனையில அண்ணேன்ர போட்டில மீனுக்குப் போறன். அடையாள அட்டை மட்டும் வந்திட்டுது."

அந்தச் செய்தி எனக்கு ஆறுதல் தந்திருக்கவேண்டும். அவருக்காக இரக்கமாவது வந்திருக்கவேண்டும். இரண்டும் வரவில்லை. இரண்டு பேரும் ஆளுக்கொரு தேத்தண்ணி குடித்தோம், இந்த வருஷ மழையைப் பற்றிப் பேசினோம். உயிலங்குளம் பஸ் வந்தது. "போயிட்டு வாறன்" என்றேன். அவர் பையைத் தூக்கித் தர வந்தார். வேண்டாம் என்று நானே தூக்கிக்கொண்டு ஏறினேன்.