பரஸ்தானம் போன பை

ஆக்லாந்தில் எங்கள் டிக்கெட் ஆபீசுக்குள் ஆட்கள் வெறுங்காலோடு வருவார்கள். இல்லாதவர்கள் அல்ல, நல்ல வசதியான வீட்டுப் பிள்ளைகள். அரைக்கால் சட்டையும் கடல் மணல் ஒட்டிய பாதமுமாகக் கார்ப்பெட்டில் நடந்து வந்து, என் மேஜை முன்னால் உட்கார்ந்து, உலகம் சுற்றும் டிக்கெட்டை எடுத்து வைப்பார்கள். வீட்டை விட்டால் கோயிலில் மட்டுமே செருப்பைக் கழற்றிப் பழகிய எனக்கு, வந்த புதிதில் அவர்கள் என்னைக் கும்பிட வந்த மாதிரியே இருக்கும்.

வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம் ஒருவன் வந்து டாஹிட்டியிலிருந்து கிளம்பும் தேதியைப் பத்து நாள் தள்ளிப் போடச் சொன்னான். நான் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லையா?" என்று கேட்டேன். அவனுக்குப் புரியவில்லை. தன் முகத்தில் ஏதும் நோய் தெரிகிறதா என்று பயந்தவன் போலக் கன்னத்தைத் தடவிக்கொண்டான். "இல்லையே, அங்கே அலை நன்றாக இருக்கிறதாம்" என்றான். ராஜபாளையத்தில் ஒருவர் பயணத்தை மாற்றினால் சாவு விழுந்திருக்கும், இல்லாவிட்டால் விழப் போகிறது என்று அர்த்தம். அலைக்காக மாற்றுவார்கள் என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

அந்த டிக்கெட்டைப் பற்றி ஊரில் இருப்பவர்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பஸ் டிக்கெட் மாதிரி ஒற்றைச் சீட்டு இல்லை, செக் புத்தகம் போல ஒரு கட்டு. ஒவ்வொரு விமானத்துக்கும் ஒரு கூப்பன். தேதியை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம். இடம் இருக்கிறதா என்று பார்த்து, பழைய தேதியின் மேல் புதுத் தேதி எழுதிய சின்ன ஸ்டிக்கரை ஒட்டினால் வேலை முடிந்தது. மாற்ற முடியாதது திசை ஒன்றுதான். கிழக்கே கிளம்பினால் கிழக்காகவே போய்க்கொண்டிருக்க வேண்டும். வந்த பக்கம் திரும்ப முடியாது. இந்த விதியை நான் ஒரு நாளைக்கு ஏழெட்டுப் பேருக்காவது சொல்வேன், அதுவும் சிரித்த முகத்தோடு.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் எனக்கும் அப்படி ஒரு டிக்கெட் வாய்த்தது. கணவருக்கு லீவு கிடைக்காததால் தனியாகவே கிளம்பினேன். லாஸ் ஏஞ்சல்ஸ், லண்டன், மெட்ராஸ், சிங்கப்பூர், மறுபடி ஆக்லாந்து. நடுவில் மூன்று வாரம் ராஜபாளையத்தில் அம்மாவோடும் தம்பி கணேசனோடும் இருப்பதாக ஏற்பாடு.

மூன்று வாரம் என்பது எங்களைப் போன்றவர்களுக்கு ஒரு வினோதமான அளவு. முதல் வாரம் ஊர் இனிக்கும். இரண்டாம் வாரம் கொசு கடிக்கும். மூன்றாம் வாரம் "அங்க ஒரு டம்ளர் தண்ணி என்ன வெல?" என்று கேட்கும் சொந்தக்காரர்களைக் கண்டால் எரிச்சல் வரும். அம்மா சரியாகச் சாப்பிடாததையும், வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்காருவதையும் பார்த்தேன். கேட்டதற்கு, "வாயுட்டி" என்றாள். நானும் வாயு என்றே வைத்துக்கொண்டேன். அப்படி வைத்துக்கொள்வது எனக்கு வசதியாக இருந்தது.

கிளம்ப வேண்டியது சனிக்கிழமை. அதற்கு முந்தின செவ்வாய்க்கிழமை, பாத்திரம் கழுவிக்கொண்டே அம்மா பேச்சை எடுத்தாள்.

"ஏட்டி லச்சுமி, சனிக்கெழம கெழக்கே சூலம்லா. பொறவு வார புதன்கெழம போயேன். பொன்னு கெடச்சாலும் புதன் கெடைக்காதும்பாக."

"தயிர் குடிச்சிட்டுப் போனா சூலம் தீந்துரும்னு நீதானம்மா சொல்லுவ?"

"இது பெரிய பயணம்ட்டி. ஒரு கரண்டித் தயிரு எம்புட்டுத் தாங்கும்?" என்றாள். செத்த நேரம் கழித்து, "நாலே நாளு தான" என்றாள்.

"டிக்கெட்ட மாத்த முடியாதும்மா. ரூல் அப்படி" என்றேன்.

பொய். மெட்ராசுக்கு ஒரு போன் போட்டிருந்தால் போதும். ஊர் உலகத்துக்கெல்லாம் ஸ்டிக்கர் ஒட்டுகிறவள் நான். லீவு முடிகிறது என்பது ஒரு காரணம். ஆனால் ஆபீசில் கேட்டிருந்தால் நாலு நாள் கொடுத்திருப்பார்கள். சிங்கப்பூரில் ஒரு சிநேகிதி வீட்டில் தங்கி இரண்டு நாள் கடை கடையாகச் சுற்ற வேண்டும் என்று ஆசையாக இருந்தது. எழுதவே கூசுகிறது, ஆனாலும் உண்மை அதுதான்.

அம்மா மேற்கொண்டு கெஞ்சவில்லை. "ஒங்க ரூலு ஒங்களுக்கு. அப்ப நாளைக்கே பைய மொதல்ல அனுப்பிருவோம்" என்றாள். எங்கள் பக்கத்தில் இதற்குப் பரஸ்தானம் என்று பெயர். நல்ல நாளில் கிளம்ப முடியாவிட்டால், அந்த நாளில் நம்முடைய சாமான் ஒன்றைப் போகிற திசையில் இன்னொருவர் வீட்டில் கொண்டுபோய் வைத்துவிடுவது. பை புறப்பட்டாலே ஆள் புறப்பட்ட கணக்கு. பிறகு எந்தக் கிழமையில் போனாலும் தோஷமில்லை, போகும்போது பையை எடுத்துக்கொள்ள வேண்டும். ஒரே ஒரு கண்டிப்பு, அந்தப் பை திரும்ப நம் வீட்டுக்குள் வரக் கூடாது. மறுநாள் புதன்கிழமை காலையில் அம்மா ஒரு மஞ்சள் பையில் என் சேலை ஒன்று, மஞ்சள் கிழங்கு, ஒரு பிடி அரிசி முடிந்த துணி எல்லாம் வைத்து, கிழக்கே இரண்டு வீடு தள்ளியிருந்த மைதீன் பாய் வீட்டில் கொடுத்துவிட்டு வந்தாள். பாய் பம்புசெட் சாமான் கடை வைத்திருந்தவர். எங்கள் தெருவில் போன் இருந்ததும் அவர் வீட்டில் மட்டும்தான். அவர் மனைவி ஜைனம்பு அக்கா பையை வாங்கிக் கிழக்குச் சுவர் ஆணியில் மாட்டினார். அம்மாவின் இந்த ரீபுக்கிங்கை நான் தம்பியிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன்.

சனிக்கிழமை காலை. தெருவின் கிழக்குப் பக்கம் குழாய் பதிக்கத் தோண்டிப் போட்டிருந்ததால் வாடகைக் கார் மேற்கு முனையில் வந்து நின்றது. பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு நானும் கணேசனும் அந்தப் பக்கமாக ஓடினோம். அம்மா வாசலோடு நின்றுவிட்டாள். ஸ்ரீவில்லிபுத்தூர் போன பிறகுதான் எனக்குப் பையின் நினைவு வந்தது.

"கணேசா, பரஸ்தானப் பைய எடுக்கலடா. திரும்புவோமா?"

"பயணம் கெளம்பிட்டுத் திரும்பக் கூடாதுக்கா. நீ போ, நான் பாத்துக்கிடுதேன்."

ஒரு மணி நேரம் கையில் இருந்தது. ஊர் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் பின்னால். திரும்பியிருந்தால் அம்மாவை இன்னொரு முறை பார்த்திருப்பேன். திரும்பவில்லை.

செவ்வாய்க்கிழமை சிங்கப்பூரிலிருந்து பாய் வீட்டுக்குப் போன் செய்தேன், பையைப் பற்றிச் சொல்லத்தான். ஜைனம்பு அக்கா எடுத்தார்.

"பை கெடக்கட்டும்ட்டி. அம்மாவும் கணேசனும் ஸ்ரீவில்லிபுத்தூரு ஆசுபத்திரிக்குப் போயிருக்காக. வயித்துல கட்டி இருக்குமோன்னு டெஸ்ட் எடுத்தாகள்லா, இன்னைக்குத் தான் ரிசல்ட்டு. ஒனக்குத் தெரியாதா? எம்மக அது வரைக்கும் கூட இருந்தா தைரியமா கேட்டுக்கிடுவேன்னு அவிய சொல்லிக்கிட்டே இருந்தாகளே."

நாலு நாள் என்று அம்மா கேட்டது சூலத்துக்காக அல்ல. ஒரு கரண்டித் தயிரில் தீருகிற தோஷத்துக்கு அவள் புதன்கிழமை வரை ஏன் கேட்டாள் என்று, டிக்கெட் விதிகளையெல்லாம் தலைகீழாக ஒப்பிக்கிற எனக்குத் தோன்றவே இல்லை. அவளும் என்னிடம் ஒரு பொய் சொன்னாள், நானும் ஒன்று சொன்னேன். அவள் பொய்யில் பயம் இருந்தது. என் பொய்யில் கடைத்தெரு இருந்தது.

விமான நிலையத்துக்கு ஓடினேன். கவுன்டரில் இருந்த சீனப் பெண் டிக்கெட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டுப் புன்னகையோடு சொன்னாள், "மேடம், இதில் முன்னால் போகலாம். திரும்ப முடியாது." என் வாசகம், என் சிரிப்பு. "என் அம்மா" என்றேன். அவள் கூப்பன்களில் பெயரைத் தேடி, "அம்மாவும் இந்த டிக்கெட்டிலா பயணம் செய்கிறார்?" என்று அக்கறையாகக் கேட்டாள். இல்லை என்று தலையாட்டினேன். தனியாக வேறு டிக்கெட் எடுப்பதென்றாலும் வெள்ளிக்கிழமை வரை இடமில்லை, காத்திருப்புப் பட்டியல்தான்.

சாயங்காலம் மறுபடி போன் செய்தபோது பாய் வீட்டில் கணேசன் எனக்காகக் காத்திருந்தான். "ஒண்ணுமில்லக்கா, சாதாரணக் கட்டி. மருந்துல கரைஞ்சிரும். நீ பாட்டுக்குப் போ" என்றான். பயணத்தில் இருப்பவர்களிடம் கெட்ட சேதி சொல்லக் கூடாது என்று வளர்க்கப்பட்டவன் அவன். நானும் அதே வீட்டில் வளர்ந்தவள்தான், அவன் குரலை எனக்குத் தெரியாதா? தெரிந்தது. ஆனாலும் நம்பினேன். பட்டியலில் பெயர் கொடுக்காமல் முன்னால் போகிற விமானத்தில் ஏறினேன்.

ஆக்லாந்து வந்து சேர்ந்த பதினெட்டாம் நாள் தந்தி வந்தது. எப்படிப் பறந்தாலும் ராஜபாளையம் போய்ச் சேர மூன்று நாள் ஆகும், அதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். நான் போகவில்லை.

ஜைனம்பு அக்கா பிறகு மகளைக் கொண்டு எழுதிய கடிதத்தில் ஒரு சேதி இருந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து அம்மாவைக் கூட்டி வந்த அன்று, கணேசன் பையை வாங்கி வரப் போயிருக்கிறான். அம்மா விடவில்லை. "அது பொறப்பட்டாச்சுல. திரும்ப வீட்டுக்குள்ள வந்தா எம்மகளுக்கு ஆகாது. அவ வந்து எடுத்துக்கிடட்டும்" என்றாளாம். நிற்க முடியாத நிலையிலும் அவள் என் பயணத்தைத்தான் காபந்து செய்துகொண்டிருந்தாள். இதை நினைக்கும்போதெல்லாம் என்னை நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

வருடங்கள் ஓடிவிட்டன. கணேசன் வீட்டை விற்றுவிட்டு மதுரைக்குப் போய்விட்டான். அந்தத் தெருவில் எங்களுக்கென்று இப்போது வாசல் கிடையாது. போன மாதம் ஆபீசுக்கே போன் வந்தது. ஜைனம்பு அக்கா.

"ஏட்டி, பெருநாளைக்கு வெள்ளையடிக்கோம். ஒன் பைய எறக்கி வச்சிருக்கேன். என்னட்டி செய்ய? அனுப்பட்டுமா?"

"வேண்டாங்க்கா. நானே வந்து எடுத்துக்கிடுதேன்."

"எப்பட்டி வருவ?"

"ஒரு புதன்கெழம."

"சரிட்டி, சுண்ணாம்பு காயவும் அதே ஆணியில மாட்டுதேன்" என்றார்.

போனை வைத்தேன். எதிரே வெறுங்காலோடு ஒரு பையன் உட்கார்ந்திருந்தான். பாலியில் இன்னும் நாலு நாள் இருக்க வேண்டுமாம். ஏன் என்று கேட்கவில்லை. ஸ்டிக்கரில் புதுத் தேதியை எழுதி, விளிம்பு தூக்காமல் கட்டை விரலால் அழுத்தி ஒட்டிக் கொடுத்தேன்.